மலை ஊரில் புதிய வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர்கள் எப்படி வருவார்கள்?

கூடலூரில் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன், விளம்பரமும் செய்யக் கூடாது, தெரிந்தவர்களும் இல்லை, வழக்குகள் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊட்டியிலும் கூடலூரிலும் தொழில் செய்பவன் என்பதால் சொல்கிறேன்.

விளம்பரம் கூடாது என்பது சரிதான். இந்திய பார் கவுன்சிலின் விதி 36 அதைத் தடுக்கிறது. பெயர்ப்பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்த வகை வழக்குகள் என்ற அளவில் போட்டுக்கொள்ளலாம். வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு ஆள் பிடித்துத் தரும் தளங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்தது. இதற்காக வருந்தாதீர்கள். இந்த மலையில் பலகையைப் பார்த்து யாரும் வக்கீல் வைப்பதில்லை, பக்கத்து வீட்டில் விசாரித்துத்தான் வைக்கிறார்கள். கையில் இருக்கும் ஒன்றிரண்டு கட்சிக்காரர்கள் ஊருக்குப் போய் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதே முக்கியம்.

எனக்கு வேலை கொண்டுவந்த பழக்கம் இதுதான்: வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை ஒரு போன், வாய்தா முடிந்த அன்று மாலை இன்னொரு போன். பந்தலூரிலிருந்து ஊட்டி நீதிமன்றத்துக்கு வர வேண்டுமானால், தேயிலை பறிக்கும் ஒரு பெண் விடியும் முன்பே பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மதியம் வரை வராந்தாவில் நின்ற பிறகு நீதிபதி விடுப்பு என்று தெரியவந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? "அம்மா, நாளைக்கு நீதிபதி விடுப்பு. நீங்கள் வர வேண்டாம், தேதியை நான் வாங்கிச் சொல்கிறேன்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சிவில் வழக்கில் பெரும்பாலான வாய்தாக்களுக்குக் கட்சிக்காரர் வர வேண்டிய அவசியமே இல்லை. அதைக்கூட அவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். விவரம் தெரிந்த கட்சிக்காரர் நம்மை விட்டுப் போய்விடுவார் என்று அஞ்சும் சீனியர்கள் உண்டு. நான் கண்டவரை, அவர்தான் தம்பி மகளின் பாகப்பிரிவினை வழக்கையும் கொண்டுவருகிறார்.

அடுத்தது படிப்பு. தினமும் காலையில் அரை மணி நேரம் இந்த மண்ணின் நிலச் சட்டத்துக்கு ஒதுக்குங்கள். கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ஐ வரி விடாமல் படியுங்கள். ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்கள் தோட்டத்துக்குக் குத்தகை விட்டிருந்த, அச்சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காமல், மின் இணைப்புக்கு அலைபவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் பலர். பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தவுடன் "இதை வாங்காதீர்கள்" என்று சொல்லத் தெரிந்த வக்கீலை மக்கள் தேடி வருகிறார்கள். அப்படிச் சொல்வதால் அன்றைக்குக் கிரயப் பத்திர வேலை கைநழுவும்தான். நழுவட்டும்.

இந்தப் படிப்பு வெளியூரிலிருந்தும் வேலை தரும். கோவை, சென்னை வழக்கறிஞர்களுக்கு மலை நிலத்தைப் பற்றிச் சட்டக் கருத்து தேவைப்படும்போது இங்கே ஒரு ஆள் வேண்டும். அவர்கள் கேட்டால் அன்றே பதில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கவும் தயங்காதீர்கள். ஊதியம் குறைவு. ஆனால் முகாம்களுக்குப் போகும்போது தோட்ட லைன் வீடுகளிலும் பழங்குடி ஊர்களிலும் மக்களுக்கு எந்தக் காகிதம் கையில் இல்லை என்பது நேரில் தெரியும். அங்கே விசிட்டிங் கார்டு நீட்டாதீர்கள், அது விதி மீறல். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.