பிராகில் கேமராவோடு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பிராக் கோட்டையில் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்துக்கு எந்த நேரம் போனால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் படத்தில் நன்றாக வரும்?

பதில்: எந்த ஜன்னல் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் தேடிப்போகும், செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்காவின் ஜன்னல் (1931), மேற்கு வாசலில் நுழைந்தால் இடப்பக்கம், அதாவது வடக்குச் சுவரில் இருக்கிறது. நேர் வெயில் படாததால் வெளிச்சம் சீராகவே இருக்கும், அவசரம் வேண்டாம். வாசலுக்கு மேலே உள்ள பெரிய வட்ட ஜன்னல் மேற்குப் பார்த்தது; அதற்குப் பிற்பகல்தான் சரி. தெற்கு ஜன்னல்களின் நிறம் எதிர்த் தூண்களில் விழுவதைப் பிடிக்க வேண்டுமா, வெயிலுள்ள நடுப்பகல் பாருங்கள். எல்லாவற்றுக்கும் எக்ஸ்போஷரைக் (வெளிச்ச அளவை) கண்ணாடிக்கு ஏற்ப வையுங்கள், கல் கறுத்தால் கறுக்கட்டும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன கண்ணாடியில் நிறம் திரும்பாது. அப்புறம், ஃப்ளாஷ் வேண்டாம். விதானம் 33 மீட்டர் உயரம். உங்கள் ஃப்ளாஷ் முன்னால் நிற்பவரின் பிடரியைத்தான் காட்டும்.

கேள்வி: ட்ரைபாட்?

பதில்: தேவாலயங்களுக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள். தூணில் சாய்ந்துகொண்டு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் அளவை) ஏற்றுங்கள்.

கேள்வி: இருட்டான இடங்களில் ஃப்ளாஷ் போடலாமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: கூட்டமில்லாத சார்லஸ் பாலம் கிடைக்குமா?

பதில்: விடியும்போது கிடைக்கும். ஜூனில் 5 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் 8 மணி ஆகும். தூங்குமூஞ்சிகள் டிசம்பரில் போவது நல்லது.

கேள்வி: பிராகுக்கு அருகே குட்னா ஹோரா ஊரில், செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயத்தில் படம் எடுக்க விடுவதில்லையாமே?

பதில்: ஆமாம், 2020 தொடக்கத்திலிருந்து தடை. முன்கூட்டியே தேவாலயப் பங்கு நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினால்தான் உண்டு.

கேள்வி: டிக்கெட் வாங்கிக்கொண்டு படம் கூடாது என்றால் என்ன நியாயம்? இணையம் முழுக்க அந்தப் படங்கள்தானே கிடக்கின்றன?

பதில்: அதுவே போதுமே, நீங்கள் வேறு எதற்கு? அங்கே குறைந்தது 40,000 பேரின் எலும்புகள் இருக்கின்றன. பலர் 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயிலும் பின்னர் ஹுஸ்ஸைட் மதப் போர்களிலும் செத்தவர்கள். 1870இல் ஃபிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பி அவற்றைச் சரவிளக்காகவும் ஷ்வார்ட்ஸன்பெர்க் பிரபுக் குடும்பச் சின்னமாகவும் அடுக்கினார். பார்க்க அலங்காரம்தான், ஆனாலும் அது கல்லறைத் தோட்டத்துத் தேவாலயம். மண்டையோட்டுக்குத் தொப்பியும் கூலிங் கிளாஸும் மாட்டி செல்ஃபி எடுத்தவர்களால் வந்த தடை இது.

கேள்வி: அந்த ரின்ட் எலும்பாலேயே தன் பெயரைச் சுவரில் எழுதி வைத்தாரே! அவர் செய்தால் கலை, நான் கிளிக் செய்தால் அவமரியாதையா?

பதில்: நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் நான் இருந்திருந்தால் அவரிடமும் சண்டை போட்டிருப்பேன். ஆனால் இடத்துக்குரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அதோடு முடிந்தது. கேமராவைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் அதே ஊரில் புனித பார்பரா ஆலயம் இருக்கிறது. 1388இல் தொடங்கி 1905இல் முடித்தது. வெளியே சுவரைத் தாங்கும் முட்டுவளைவுகளை மட்டும் எடுக்கவே அரைநாள் போகும்.

கேள்வி: ஒளித்து வைத்து போனில் எடுத்தால்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: அம்மா பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குத் தவறாமல் போவார். பிராகில் மூலச் சிலையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பவேண்டும்.

பதில்: பிராகின் மாலா ஸ்ட்ரானா பகுதியில், வெற்றி அன்னை ஆலயத்தில் இருக்கிறது. 1628இல் பாலிக்ஸெனா லோப்கோவிட்ஸ் என்ற சீமாட்டி கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தது. சிலை அரை மீட்டர்கூட இல்லை, அதுவும் கண்ணாடிக்குள். ஜூம் லென்ஸ் கொண்டுபோய், பிரதிபலிப்பு விலகும் வரை சற்றுப் பக்கவாட்டில் நகருங்கள். ஜெபிப்பவர்களுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். ஃப்ளாஷ் கண்ணாடியில் பட்டுத் திரும்பும், சொல்லிவிட்டேன்.

கேள்வி: பிராகின் ‘நடனமாடும் வீடு’ கட்டடத்தைப் படமெடுத்து விற்கலாமா? கட்டியவர்களுக்கு உரிமை உண்டே?

பதில்: தெருவிலிருந்து எடுத்ததென்றால் விற்கலாம். செக் பதிப்புரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு பொது இடத்தில் நிற்கும் படைப்புகளைப் படமெடுக்க விடுகிறது. உட்புறத்துக்கு அது பொருந்தாது. அங்கே உரிமையாளர் வைத்ததே விதி.

கேள்வி: பிராகின் கிளெமென்டினும் (Klementinum) என்ற பழைய நூலகத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாமா?

பதில்: அந்த பரோக் கூடத்தில் ஃப்ளாஷ் இல்லாமலும் கூடாது. அங்குள்ள கோபுரத்தில் ஏறி ஊரை எடுங்கள்.

கேள்வி: எந்த லென்ஸ் வாங்கலாம்?

பதில்: அதைக் கடையில் கேளுங்கள்.