பதில்: ஜாய் டிவிஷன் பிடிக்கிறது, நியூ ஆர்டர் ஏன் ஒட்டவில்லை?

முதலில் நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' பாட்டைக் கேட்டுவிட்டு, "இது டிஸ்கோ மாதிரி இருக்கே, அதே ஆட்கள்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே ஆட்கள்தான். நீங்கள் கேட்ட வரிசைதான் தப்பு.

1980 மே மாதம், அமெரிக்க இசைப் பயணத்துக்கு முந்தைய நாள், இங்கிலாந்து ராக் குழுவான ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ் இறந்துபோனார். மிச்சமிருந்த மூவரும் குழுவின் பெயரை நியூ ஆர்டர் என்று மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். கொஞ்ச நாளில் கீபோர்டும் கிட்டாரும் வாசிக்கும் கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார்.

'செரிமனி'யில் ஆரம்பியுங்கள். கர்டிஸ் இருந்தபோதே உருவான பாட்டு. 1981இல் நியூ ஆர்டரின் முதல் சிங்கிளாக வந்தது. கிட்டார் வாசிக்கும் பெர்னார்ட் சம்னர் தயங்கித் தயங்கிப் பாடுவது கேட்கும். எனக்கு அந்தத் தயக்கம்தான் பிடிக்கும். அடுத்து அதே வருடத்து 'மூவ்மென்ட்' ஆல்பம். தயாரிப்பாளர் ஜாய் டிவிஷனின் பழைய மார்ட்டின் ஹானெட்தான், அதனால் ஒலியில் அதே குளிர். பிறகு 1982இன் 'டெம்ப்டேஷன்' பாட்டு. இதற்கப்புறம் 'ப்ளூ மண்டே'க்குத் திரும்புங்கள், இந்தத் தடவை பீட்டர் ஹூக்கின் பேஸ் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். மேல் ஸ்வரங்களில் மெட்டே போடுவார், பழைய குழுவில் போட்ட மாதிரியே.

மேடையில் பழைய பாட்டுகள்தான் வேண்டுமென்றால் ஹூக்கின் இப்போதைய குழு, 'பீட்டர் ஹூக் அண்ட் த லைட்'. ஜாய் டிவிஷன் ஆல்பங்களை முழுசாகவே வாசிக்கிறார்கள்.