நவரின்: செம்மறிக்குட்டியும் இளவேனில் மரக்கறிகளும் – கேள்வி பதில்

பிரான்சில் ஈஸ்டரை ஒட்டிய வாரங்களில் சந்தைக்குப் போனால், இறைச்சிக் கடைகளில் செம்மறிக்குட்டி முன்வரிசைக்கு வந்திருக்கும். எதிர்க்கடையில் இலையோடு கட்டிய கரட், ஊதா விளிம்பிட்ட சின்ன டர்னிப், நகம் பட்டாலே தோல் உரியும் புதுக் கிழங்கு, தோலோடு குவித்த பட்டாணி. இவை எல்லாம் ஒரே சட்டியில் சேர்வதுதான் நவரின். இளவேனில் மரக்கறிகள் சேரும்போது அதன் முழுப்பெயர் ‘நவரின் பிரந்தானியே’. பாரிசில் ஒரு பிரெஞ்சு உணவகக் குசினியில் வேலை செய்பவன் என்பதால் வாசகர்களின் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இறைச்சி வேகும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கிறது.

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ இறைச்சி. ஒவ்வொரு துண்டும் 60 கிராம் அளவில் இருக்கட்டும். ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, கனமான சட்டியில் எண்ணெய் விட்டு, நெருக்காமல் சிறிது சிறிதாகச் சிவக்க வறுங்கள். உருகிய கொழுப்பை வடித்துவிட்டு, எல்லாத் துண்டுகளையும் திரும்பப் போட்டு ஒரு தேக்கரண்டி சீனி தூவிப் பிரட்டுங்கள். சீனி நிறம் மாறியதும் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா. மா இரண்டு மூன்று நிமிடம் வறுபட்டதும் ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், நசுக்கிய உள்ளி இரண்டு பல், இறைச்சி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் அல்லது எலும்புச் சாறு. தைம், பே இலை, பார்சிலித் தண்டு மூன்றையும் நூலால் கட்டி உள்ளே போட்டு மூடி, 160 பாகை செல்சியஸ் ஓவனில் ஒன்றரை மணி நேரம். ஓவன் இல்லையென்றால் அடுப்பில் மிகச் சிறிய தீயில் வையுங்கள். மரக்கறிகளைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

லண்டனிலிருந்து ஒருவர்: நல்ல கறியாக இருக்கட்டும் என்று தொடைப்பகுதியை வாங்கிச் செய்தேன். உலர்ந்து நார்நாராகப் போய்விட்டது. அதிக நேரம் வைத்துவிட்டேனா?

நேரத்தில் பிழை இல்லை, வாங்கிய பகுதிதான் பொருந்தவில்லை. தொடை ரோஸ்ட் செய்வதற்கான பகுதி. கொழுப்பும் இணைப்புத் தசையும் குறைவாக இருப்பதால் நீண்ட வேக்காட்டில் அதன் நீர் வெளியேறிவிடும், அந்த இடத்தை நிரப்ப உள்ளே வேறொன்றும் இராது. தோளும் கழுத்தும் அப்படியல்ல. அந்த ஆடு நாள் முழுவதும் குனிந்து மேய்ந்து உழைத்த தசைகள் அவை, கொலாஜன் நிறைந்தவை. சூடு சுமார் 70 பாகையைத் தாண்டிய பிறகு கொலாஜன் மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரையும். இறைச்சியை மிருதுவாக்குவதும், குழம்பு உதட்டில் லேசாக ஒட்டுவதும் அதன் வேலைதான். அது கரைய நேரம் வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

தோள் இரண்டு பங்கு, எலும்போடு கழுத்து ஒரு பங்கு என்று கலந்து வாங்குங்கள். விலையும் தொடையைவிடக் குறையும். சட்டிக்குள் தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். மேலே இடையிடையே ஒரு குமிழி வந்தால் போதும்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி: எல்லா மரக்கறிகளையும் இறைச்சியோடு சேர்த்து வேகவைத்தேன். கரட் குழைந்தது, பட்டாணி சாம்பல் நிறமானது, எதைச் சாப்பிட்டாலும் ஒரே சுவை. எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது?

அக்கா, இந்த உணவின் முழு விஷயமும் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. இறைச்சிக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். சின்னக் கரட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பட்டாணிக்கு இரண்டு மூன்று நிமிடம். இவற்றை ஒன்றாகத் தொடங்கினால் ஏதோ ஒன்று கெட்டே தீரும். நவரினைத் தனித்தனியாக நடக்கும் இரண்டு சமையல்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கடைசி அரை மணி நேரத்தில்தான் சந்திக்கின்றன.

ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் இறைச்சியைக் கரண்டியால் எடுத்து வேறு சட்டிக்கு மாற்றுங்கள். குழம்பை வடிகட்டி, சில நிமிடம் அசையாமல் வைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் வழித்துவிட்டு இறைச்சியின்மேல் ஊற்றுங்கள். இந்த வடிகட்டும் வேலையைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தவிர்த்தவர் வீட்டு நவரின் எண்ணெய்க் குழம்பாக வந்து நிற்கும். இனிப் புதுக் கிழங்குகளை முழுதாகப் போட்டு மூடி 25 நிமிடம். கிழங்கு மட்டும் குழம்பிலேயே வேகட்டும், அதன் மாச்சத்து குழம்புக்குக் கொஞ்சம் உடம்பு கொடுக்கும்.

அந்த நேரத்தில் அகலமான தாச்சியில் கரட், டர்னிப், சின்ன வெங்காயம் மூன்றையும் போட்டு, பாதி உயரத்துக்குத் தண்ணீர், ஒரு கட்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை சீனி, உப்பு. பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு துளையிட்டு மேலே மூடுங்கள். தண்ணீர் வற்றும் நேரமும் மரக்கறி வேகும் நேரமும் ஒன்றாக முடியும். வெண்ணெயும் சீனியும் மினுமினுப்பாக அவற்றின்மேல் படர்ந்திருக்கும். கவனமாகச் செய்ய விரும்புகிறவர்கள் மூன்றையும் தனித்தனியே செய்யலாம். உணவகத்தில் அப்படித்தான் செய்கிறோம், வீட்டில் ஒரே தாச்சி போதும், கரட்டை மட்டும் சில நிமிடம் முந்திப் போடுங்கள்.

பட்டாணியும் போஞ்சியும் (பீன்ஸ்) உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் வெந்து, உடனே ஐஸ் தண்ணீருக்குப் போக வேண்டும். கிழங்கு வெந்த பிறகு மெருகேறிய மரக்கறிகளைக் குழம்பில் சேர்த்து ஐந்து நிமிடம். பச்சை நிறத்தவை பரிமாறும் நொடியில்தான் சேர வேண்டும். குழம்பில் உள்ள புளிப்பு, இலைப்பச்சையில் இருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றிவிடும். உங்கள் பட்டாணி சாம்பல் நிறமானதற்கு அதுதான் காரணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர்: இறைச்சியில் சீனி எதற்கு? இனிக்காதா?

ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி இனிக்காது, தம்பி. சட்டியின் சூட்டில் சீனி கருகத் தொடங்குவதற்குச் சற்று முன் வரை போகும். நிறமும் லேசான கசப்பும்தான் மிஞ்சும். குழம்பின் செம்பழுப்பு நிறத்தில் அதற்கும் பங்குண்டு.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: இங்கே கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாடு. டர்னிப்பும் எளிதில் கிடைப்பதில்லை. செய்து பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

செய்யலாம். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, வளர்ந்த ஆடாக இருந்தால் தசையும் இறுக்கம். ஒன்றரை மணி நேரம் என்பதை இரண்டு, இரண்டரை மணி நேரமாக்கிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை நம்பாமல் முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். கடைக்காரரிடம் ‘இளங்குட்டி, சந்துத்தொடை வேண்டாம், முன்னங்கால் தோள்’ என்று கேட்டால் கொடுப்பார். நெஞ்செலும்பு இரண்டு துண்டு சேர்த்தால் குழம்பு இன்னும் நன்றாக வரும்.

டர்னிப்புக்குப் பதில் நூக்கல். இரண்டும் ஒரே குடும்பம்தான். நூக்கலில் டர்னிப்பின் காரநெடி கிடையாது என்பதால் ஓரிரண்டு துண்டு முள்ளங்கியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரட்டும் சின்ன உருளைக்கிழங்கும் நீலகிரியிலிருந்து வருகின்றன, அதில் குறையில்லை. பிரிஞ்சி இலையைப் பே இலை என்று நினைத்துப் போடாதீர்கள். அதில் கறுவா மணம் தூக்கலாக இருக்கும், அரை இலை போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இன்னொன்று, ஏப்ரலில் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பிரெஞ்சுக்காரரின் இளவேனிலும் நம் சித்திரையும் நாட்காட்டியில் மட்டும்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உங்களுக்கு நல்ல பச்சைப் பட்டாணி மார்கழி, தை, மாசியில் வரும். அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்க முடிகிற மாதங்களும் அவைதான்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: ஆட்டு வாடை வீட்டில் யாருக்கும் பிடிக்காது. மஞ்சளும் தயிரும் போட்டுக் கழுவிவிட்டுச் செய்யலாமா?

குழம்புக்கு அது சரி, இதற்கு வேண்டாம். ஈர இறைச்சி சட்டியில் சிவக்காது, வெந்துதான் போகும். மேற்பக்கத்து நீர் முழுவதும் ஆவியான பிறகுதான் அது சிவக்கத் தொடங்கும். சிவக்காத நவரினில் சுவையே இல்லை, மஞ்சள் நிறம் வேறு குழம்பைக் கெடுக்கும். வாடை பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. வெளிக்கொழுப்பைக் கத்தியால் நீக்குங்கள், வறுத்தபின் உருகியதை வடியுங்கள், பிற்பாடு மிதப்பதை வழியுங்கள். மூன்று இடங்களில் கொழுப்பை வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது யாரையும் விரட்டாது. குட்டி இளையதாக இருந்தால் வாடை இயல்பிலேயே குறைவு.

வைன் இல்லாமல் செய்யலாமா? (நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள்)

தாராளமாக. பல பிரெஞ்சு வீடுகளில் நவரினுக்குத் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். கடைசியில் குழம்பு மந்தமாகத் தோன்றினால் சில துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள்.

பாரிசில் வசிக்கும் ஒருவர்: சிஸ்டரோன், போயாக், மோன்-சேன்-மிஷேல் என்று ஊர்ப்பெயர் போட்டு விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கலாமா?

அந்தப் பெயர்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை, பொய்யில்லை. மோன்-சேன்-மிஷேல் விரிகுடாவில் கடலலை ஏறி இறங்கும் உப்புப் புல்வெளிகளில் மேய்ந்த ஆடு அது. சிஸ்டரோன் தென்கிழக்கு மலைப்புல்லில் வளர்வது, போயாக் தாய்ப்பால் குடித்து வளரும் குட்டி. மூன்றையும் உப்பும் நெருப்பும் மட்டும் பட்டு, உள்ளே இளஞ்சிவப்பாக ரோஸ்ட் செய்து சாப்பிட வேண்டும். தக்காளியும் தைமும் உள்ளியும் சேர்ந்த சட்டியில் அவற்றின் வேறுபாட்டை நானே கண்டுபிடிப்பேனா என்பது சந்தேகம். லா ஷப்பெல் பக்கம் நம் ஆட்கள் வாங்கும் ஹலால் கடைத் தோள் இதற்குப் போதும். மிச்சக் காசுக்கு நல்ல மரக்கறி வாங்குங்கள். நுவார்மூத்தியே தீவுக் கிழங்கு வந்திருந்தால் அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து: பிரஷர் குக்கரில் செய்யலாமா? வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை.

செய்யுங்கள். பிரான்சில் 1953-இல் ‘செப்’ நிறுவனம் குக்கரை விற்கத் தொடங்கியதிலிருந்து இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள். வறுப்பதையும் மா தூவுவதையும் திறந்த குக்கரிலேயே முடித்துவிட்டு, தண்ணீரை இறைச்சியின் பாதி உயரத்துக்கு மட்டும் விடுங்கள், குக்கரில் ஆவியாவது குறைவு. ஆவி வந்தபின் சிறு தீயில் 30 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கட்டும். மாக் குழம்பு அடிபிடிக்கும் என்பதால் மூடுமுன் அடியை மரக்கரண்டியால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள். மரக்கறி எதையும் குக்கருக்குள் போடாதீர்கள். அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

புதுச்சேரியிலிருந்து: எங்கள் வீட்டில் ரகூ என்னும் இறைச்சிக் குழம்புக்கு வடகம் தாளிப்போம். நவரினிலும் போடலாமா?

உங்கள் ஊர் வடகம் ‘வடூவான்’ என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் மசாலா டப்பாவுக்குள் எப்போதோ புகுந்துவிட்டது. அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் என் கட்சி வேறு. வெங்காயமும் வெந்தயமும் கடுகும் காய்ந்து சேர்ந்த அந்த மணத்துக்கு முன்னால் இளம் டர்னிப் வாய் திறக்காது. வடகத்தை வெண்ணெயில் பிசைந்து ரோஸ்ட் செய்யும் தோளில் தடவுங்கள், அங்கே அது ராஜா. நவரினில் மிளகோடு நில்லுங்கள். கரம் மசாலா, மல்லித்தூள் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில்தான். ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட ஆசையிருந்தால் ஆட்டுக்கறிக் குழம்பே வையுங்கள், அதைவிட நல்ல குழம்பு எது?

சிட்னியிலிருந்து: எங்களுக்கு எந்த மாதம்?

செப்டம்பர் முதல் நவம்பர் வரை. உங்கள் இளவேனில் அதுதான், குட்டி இறைச்சியும் அப்போது அருமையாகக் கிடைக்கும்.

குழம்பு தண்ணீராகிவிட்டது. சோளமா கரைத்து ஊற்றலாமா?

இறைச்சியை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் அகலமான சட்டியில் வற்றவிடுங்கள். உப்பை அதற்குப் பிறகு பாருங்கள், முதலிலேயே சரியாகப் போட்டிருந்தால் வற்றியதும் கரிக்கும். சோளமா பளபளப்பான பசை போலாக்கும், எனக்குப் பிடிக்காது. கூழ்போல் தடிக்கவும் தேவையில்லை, கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டினால் அதுவே பதம்.

உருளைக்கிழங்கு சில நேரம் உடைகிறது, சில நேரம் வேகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

உடைவது வகையைப் பொறுத்தது. ஷார்லோத், ராத் போன்ற இறுக்கமான வகைகள் முழுதாக நிற்கும், பின்த்ஜ் போன்ற மாவுக்கிழங்கு கரையும். வேகாமல் அடம்பிடித்தால் தக்காளியை அதிகமாகப் போட்டிருப்பீர்கள். புளிப்பு, கிழங்கின் செல்களைப் பிணைக்கும் பெக்டினைக் கரையவிடாது.

எதோடு சாப்பிடுவது? சோறு பொருந்துமா?

உள்ளேயே கிழங்கு இருப்பதால் இங்கே ரொட்டி மட்டும்தான் வைப்பார்கள், தட்டைத் துடைக்க. என் வீட்டில் சோறும் வைப்போம். பிரெஞ்சு நண்பர்கள் வந்தால் அவர்களும் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

முதல் நாளே செய்து வைக்கலாமா? ஃப்ரீசரில்?

இறைச்சியையும் வடிகட்டிய குழம்பையும் முதல் நாளே முடித்து, ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அப்படியே தூக்கி எறியலாம், அகப்பையோடு போராட வேண்டாம். மரக்கறியை அன்றன்று செய்யுங்கள். ஃப்ரீசருக்கும் இறைச்சியும் குழம்பும் மட்டும்தான். கிழங்கு உறைந்து உருகினால் மணல்மணலாகிவிடும். பட்டாணிக்கு ஃப்ரீசர் பாக்கெட்டே வாங்கிக்கொள்ளலாம், பறித்தவுடன் வெந்நீர் காட்டி உறையவைத்தது, சந்தையில் நாலு நாள் கிடந்த தோல் பட்டாணியைவிட அது மேல். அதைப் பரிமாறுவதற்கு ஒரு நிமிடம் முன்பு நேராகக் குழம்பில் கொட்டிவிடலாம்.