மூக்குப்பொடி டப்பாவும் காகிதத் துண்டுகளும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா திருமயத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் அவருடைய மூக்குப்பொடி டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே 31 காசுகள். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். சில படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காகிதங்களில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருக்கிறார், எல்லாம் நைந்துவிட்டன, எறிந்துவிடலாம் என்றிருக்கிறேன். புளி போட்டுத் தேய்த்தால் காசில் எழுத்து தெரியும் என்கிறாள் மனைவி. இதில் ஒரு ராமர் காசு இருக்கிறது, அதற்கு மட்டும் மூன்று லட்சம் தர ஆள் இருக்கிறது என்கிறார் மச்சான். எனக்கோ விற்பதைவிட, இதையே தொடக்கமாக வைத்துச் சேர்க்கலாம் என்று ஆசை. ஆனால் தொல்லியல் படிக்கும் என் மகள், "காசு சேர்ப்பவர்கள்தான் வரலாற்றை அழிப்பவர்கள்" என்று சண்டைக்கு வருகிறாள். அவள் சொல்வது சரியா?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

முதலில் அந்தக் காகிதங்கள். எறிந்துவிடவில்லையே? எறிந்திருந்தால் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாவது எடுத்துவிடுங்கள். உங்கள் மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒரு காகிதம் பாதி விரிந்து கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். "கண்மாய்க் கரை, மழைக்குப் பிறகு" என்று படிக்க முடிகிறது, மீதி மடிப்பில் போய்விட்டது. உங்கள் தாத்தா கிறுக்கவில்லை ஐயா. எந்தக் காசு எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார். பெரிய பெரிய சேகரிப்பாளர்கள்கூடச் செய்யாத வேலை இது.

உங்கள் மகளுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அவர் கோபம் நியாயமானது. கரூர் அமராவதி ஆற்று மணலை எடுத்துக்கொள்ளுங்கள். சங்ககாலச் சேரர் காசுகள், ரோமானியரின் பொடிப்பொடிச் செப்புக்காசுகள் என்று அங்கே கிடைத்தவற்றுக்குக் கணக்கில்லை. மணலில் எடுத்தவர் வியாபாரிக்குக் கொடுத்தார், வியாபாரி சேகரிப்பாளருக்குக் கொடுத்தார். எந்தக் காசு எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. கீழடியில் 2021இல் ஒரே ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது. அது இருந்த மண்ணடுக்கு தெரியும், பக்கத்தில் என்ன கிடந்தது என்று தெரியும். ஆற்றில் வந்த ஆயிரம் காசு சொல்லாததை அந்த ஒற்றைக் காசு சொல்லும்.

ஆனால் மகளிடம் இதையும் கேளுங்கள். 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழ்ப் பிராமியில் பெயரும் அரசனின் தலையும் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகள் நமக்கு எப்படித் தெரியவந்தன? 'பெருவழுதி' என்று எழுதிய பாண்டியர் செப்புக்காசு? அகழாய்வுக் குழியிலிருந்து அல்ல. 1980களிலிருந்து காசு ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வியாபாரிகளின் காசுக் குவியலைக் கிளறி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததால் தெரியவந்தன. அதற்கு முன் சங்க அரசர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர்கள் அன்று வாங்காமல் விட்டிருந்தால், அந்தச் செப்புக்காசுகளில் பாதி பழைய பாத்திரக் கடையில் உருகிக் குண்டாவாகியிருக்கும்.

ஆக, சேர்ப்பதில் குற்றமில்லை. காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காசை மட்டும் சேர்ப்பதுதான் குற்றம். நான் சேர்க்கத் தொடங்கிய முதல் ஏழெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். என்னிடம் இருக்கும் நாயக்கர் காசுகளில் முக்கால்வாசியை எந்த ஊர்க்காரரிடம் வாங்கினேன் என்றே இன்று தெரியாது. அவை அனாதைகள்.

அடுத்து புளி. உங்கள் மனைவி மேல் தப்பில்லை, பித்தளைப் பாத்திரம் துலக்கிய கை அப்படித்தான் யோசிக்கும். நானும் யோசித்தேன். திருச்சியில் வாங்கிய ராஜராஜன் செப்புக்காசு ஒன்றைப் புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பளபளவென்று புதுக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. பெருமையாக ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆயிரம் வருஷத்தை ஒரே ராத்திரியில கழுவிட்டீங்களே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். செம்பின் மேல் இறுகிப் படிந்த அந்தப் பச்சை, பழுப்புப் படலம்தான் காசுக்குக் கவசம். அதை உரித்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை சொல்வார்கள், அது நீங்கினால்தான் உயிருக்கு விடுதலை. காசு விஷயத்தில் நேர் எதிர், களிம்பு போனால் காசும் போச்சு. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தானாக உதிர்வது உதிரட்டும். தேய்க்க வேண்டாம். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் பூப்பு மட்டும் நோய். அப்படி ஏதாவது இருந்தால் அந்தக் காசை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுப்பாகிக் காசைத் தின்னும். தாத்தாவின் காகித மடிப்பே தேவலை.

இனி படங்களில் உள்ளவை. கண்மாய்க் கரைக் காகிதத்தின் மேல் இருப்பதும் அதே வகை ராஜராஜன் காசுதான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. தமிழ் எழுத்து இல்லையே என்று பலரும் ஏமாந்துபோவார்கள். கை கால்கள் குச்சி குச்சியாக இருப்பதைப் பார்த்து, குழந்தை வரைந்த படம் போல இருக்கிறது என்பார்கள். ஆனால் இந்த வடிவம் இலங்கையில் ஊன்றி நின்றுவிட்டது, சோழர் போன பிறகும் அங்கே சிங்கள அரசர்கள் இதே மாதிரியில் தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசிலும் இந்த நிற்கும் உருவத்தைப் பார்க்கலாம், மறுபக்கம் நந்தியும் தமிழில் 'சேது' என்ற சொல்லும் இருக்கும். காசு அரிதானதல்ல, சில நூறு ரூபாய்க்கே சந்தையில் கிடைக்கும். உங்களுடையதில் அரிது அந்தக் காகிதம்தான்.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏழெட்டு இருக்கின்றனவே, அவை புதுக்கோட்டை அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் சமஸ்தானத்தில் அரிசியோடு இந்த அரைக்காசையும் வைத்துக் கொடுத்தார்கள், அதனால்தான் அம்மனுக்கே அரைக்காசு அம்மன் என்று பேர். திருமயத்துப் பலசரக்குக் கடையில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விக்டோரியா ரூபாயில் 1862 என்று இருப்பதைப் பார்த்து அந்த வருடம்தான் அச்சடித்தது என்று எண்ண வேண்டாம். 1874 வரைக்கும் அதே ஆண்டைப் போட்டே அடித்துத் தள்ளினார்கள். பம்பாய் அச்சாலை மட்டும் ஆண்டையொட்டிப் புள்ளிகள் வைத்து வித்தியாசம் காட்டியது. லென்ஸ் வைத்துப் புள்ளிகளை எண்ணுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிதாகக் கழியும். நகை நிறுக்கும் தராசில் போட்டால் 11.66 கிராம் அல்லது தேய்மானத்தில் சற்றுக் குறைவாக வர வேண்டும். உங்கள் காசின் உச்சியில் பற்றவைத்த தழும்பு தெரிகிறது. யாரோ கழுத்தில் கோத்துப் போட்டிருந்திருக்கிறார்கள். சேகரிப்பாளர் அதற்கு விலையைக் குறைப்பார். எனக்கென்னவோ அந்தத் தழும்பு பிடித்திருக்கிறது.

அப்புறம் அந்தத் தடித்த செப்புக்காசு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கச் சின்னம், 1808, ரோமானிய எண்ணில் பத்து. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த பத்துக் காசு அது. இதே ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்து அந்தக் காசுகளை அள்ளினார்கள். இன்று உலகச் சந்தையில் பளிச்சென்று விற்பவற்றில் பெரும்பாலானவை அவைதான், சென்னையைக் கண்ணால் பார்க்காத சென்னைக் காசுகள். உங்களுடையது சிங்கத்தின் முகம் மழுங்கும்வரை தேய்ந்திருக்கிறது. அது வந்து சேர்ந்த காசு, உப்புக்கும் புளிக்கும் கை மாறிய காசு. பளபளப்புக்காக இதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ராமர் காசு பற்றி மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1818 என்றும் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் போட்டு ராமர், அனுமார் படத்தோடு வருபவை எதையும் கம்பெனி வெளியிடவில்லை. எல்லாம் பிற்காலத்தில் கோயில் கடைகளில் விற்ற வில்லைகள். கம்பெனி நம் சாமிகளைக் காசில் போடவே இல்லை என்று சொல்லமாட்டேன், சென்னையில் அடித்த வெள்ளி அரைப் பகோடா நாணயத்தில் கோபுரமும் திருமாலும் உண்டு. ஆனால் அது வேறு, இது வேறு. மூன்று லட்சம் தருகிறேன் என்பவர் அடுத்து "பரிசோதனைக் கட்டணம்" என்று ஐயாயிரம் கேட்பார், அல்லது காசு அரிசியை இழுக்கிறதா என்று பார்ப்போம் என்பார். 'ரைஸ் புல்லர்' என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வீட்டை விற்றிருக்கிறார்கள்! பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரிக்கை விட்டது.

சேர்க்கத் தொடங்குவதானால் இரண்டு சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் புதையலாகப் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு வருடம் கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். சிங்கப்பூர் அத்தைக்கு அன்பளிப்பாகக்கூடக் கூடாது. வாங்கும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பகுதியில் ஒரு முழு நாள் செலவழியுங்கள். எல்லாக் காலத்தையும் சேர்க்க ஆசைப்படாமல் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பூர்வீகம் புதுக்கோட்டைச் சீமை, அம்மன் காசிலேயே அச்சு வேறுபாடுகளைப் பார்க்க ஆரம்பித்தால் ஓர் ஆயுள் போதாது.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 31 மடிப்பையும் வரிசையாகப் பிரியுங்கள். காசும் அதன் காகிதமும் மாறிவிடாமல் சேர்த்து வைத்தே படம் எடுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கண்மாய்க் கரைக் காகிதத்தின் இரண்டாவது வரியில் ஓர் ஊர்ப்பெயர் போலத் தெரிகிறது. அது என்ன ஊர் என்று படித்து எழுதுங்கள்.

அன்புடன்.