அப்பாவின் பழைய இசைத்தட்டுகளுக்கு எந்த ரெக்கார்டு பிளேயர் வாங்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் அப்பா விட்டுப்போன தமிழ் இசைத்தட்டுகளைக் கேட்க, குறைந்த செலவில் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தட்டின் நடுவே உள்ள லேபிளைப் பாருங்கள். அதில் தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண் இருக்கும். 33 அல்லது 45 என்றிருந்தால் ஆடியோ-டெக்னிக்கா ஏடி-எல்பி60எக்ஸ் என்ற பிளேயர் போதும். முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருப்பதால், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே வைத்த ஸ்பீக்கரில் நேராகச் செருகலாம். முள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். 78 என்றிருந்தால் இது உதவாது. அந்த அரக்குத் தட்டுகளின் பள்ளம் அகலம். 78 வேகம் உள்ள பிளேயரும் தடித்த முள்ளும் வேண்டும்.

சூட்கேஸ் வடிவில் வரும் மலிவு பிளேயர்கள் வேண்டவே வேண்டாம். பலவற்றில் முள் 5 கிராம் வரை அழுத்தும். முள்ளைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜ் நல்ல காந்த வகையாக இருந்தால், அதற்குச் சுமார் 2 கிராமே போதும். அப்பாவின் தட்டுகள் தேய்ந்தால் மறுபடி எங்கே தேடுவீர்கள்?

டர்பனில் பழைய பிளேயர் ஏதாவது கிடைத்தால், பின்பக்கம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் ஏசி மோட்டார் என்றால், டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். பெண் குரல்கூடக் கனத்து இழுக்கும். அப்புறம், தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ புதிது மாட்டவேண்டும், அதற்குப் பெரிய செலவில்லை.