ரெக்கார்ட் பட்டனை யார் அழுத்துவது?

கேள்வி: எங்கள் சபாவுக்கு 400 இருக்கைகள் கொண்ட சொந்த அரங்கம் இருக்கிறது. 32 சேனல் டிஜிட்டல் மிக்ஸர் உண்டு. இதுவரை கச்சேரிகளை சவுண்டு ஆபரேட்டரின் லேப்டாப்பில்தான் பதிவு செய்தோம். போன மார்கழி விழாவில் இரண்டு கச்சேரிகள் பதிவாகவே இல்லை. ரேக்கில் (ஒலிக் கருவிகளை அடுக்கும் சட்டம்) நிரந்தரமாகப் பொருத்தும் நெட்வொர்க் ரெக்கார்டர் வாங்க கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு கடைக்காரர் இரண்டு சேனல் கருவியைச் சொல்கிறார், இன்னொருவர் 64 சேனல் கருவியைச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: உங்கள் கேள்விக்கு முன்னால் என் கேள்வி ஒன்று. ரெக்கார்ட் பட்டனை யார் அழுத்தப்போகிறார்? வர்ணம் தொடங்கும் நேரத்தில் ஆபரேட்டர் வயலின் மைக்கின் ஃபீட்பேக் கீச்சொலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். செயலாளரான நீங்கள் சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்றுக்கொண்டிருப்பீர்கள். லேப்டாப் பதிவு தவறுவதற்கு பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, கச்சேரி நடுவில் தானே அப்டேட் ஆகத் தொடங்கும் விண்டோஸ். ஆகவே யாருமே கவனிக்காவிட்டாலும் பதிவு நடக்குமா என்பதைத்தான் முதலில் பாருங்கள். சேனல் எண்ணிக்கை அப்புறம்.

இதற்கு வேண்டியது கால அட்டவணைப் பதிவு. மாலை 5:50க்குத் தொடங்கு, 9:15க்கு நிறுத்து என்று விழா முழுவதற்கும் ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். கருவியின் கடிகாரம் சரியாக ஓடினால்தான் இது வேலைக்காகும் என்பதால் என்டிபி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் வழியாக நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் முறை அது. நேர மண்டலத்தில் +5:30 வைக்க மறந்தால் ஆறு மணிக் கச்சேரிக்கு இரவு பதினொன்றரைக்குப் பதிவு தொடங்கும், காலி நாற்காலிகளைப் பதிவு செய்து தரும்.

அடுத்து, விளம்பரத் தாளில் ‘நெட்வொர்க்’ என்று போட்டிருப்பதன் பொருள். அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: அலுவலகக் கணினியிலிருந்து கருவியை இயக்குவது, பதிவான கோப்பை எஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்புகளை அனுப்பும் முறை) வழியாக எடுப்பது, மிக்ஸரிலிருந்து ஒலியையே லேன் கேபிளில் கொண்டுவருவது. முதல் இரண்டும் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். மூன்றாவதற்கு டான்டே போன்ற தனி ஏற்பாடு தேவை. உங்கள் மிக்ஸரில் டான்டே கார்டு ஏற்கெனவே இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் அதே வகை) போதும், அதற்கென்று கார்டும் ஸ்விட்சும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

64 சேனல் விஷயத்துக்கு வருவோம். டாஸ்காமின் டிஏ-6400 போன்ற கருவிகள் ரேக்கின் ஒரே அடுக்கு (யூனிட்) உயரத்தில் 64 தடங்களை, அதாவது ஒவ்வொரு சேனலின் ஒலியையும் தனித்தனியாக, பதிவு செய்கின்றன. அருமையான பொருள், சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தரத்தில் ஸ்டீரியோ (இரண்டு சேனல்) பதிவு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. பதினைந்து நாள், தினம் இரண்டு கச்சேரி, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் என்றால் மொத்தம் 78 ஜிபி. அதையே 24 தடமாகப் பதிந்தால் 930 ஜிபியைத் தாண்டும். இடம்கூடப் பரவாயில்லை, வட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த 30 கச்சேரிகளையும் உட்கார்ந்து மிக்ஸ் செய்ய ஆள் யார்? ஆல்பம் வெளியிடும் திட்டமும் அதற்கொரு ஆளும் இருந்தால் ஒழிய, இரண்டு சேனல் கருவியே போதும். ஏதோ ஒரு கச்சேரிக்கு மட்டும் எல்லாத் தடங்களும் வேண்டுமென்றால், பல டிஜிட்டல் மிக்ஸர்களில் அதற்கான கார்டு பொருத்த இடம் உண்டு.

இரண்டு சேனல் என்றால் டாஸ்காம் எஸ்எஸ்-ஆர்250என், டெனான் டிஎன்-700ஆர் ஆகியவற்றை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு யூனிட் உயரம், இரண்டு எஸ்டி கார்டு வைக்கலாம், நெட்வொர்க் உண்டு. இந்த ‘இரண்டு கார்டு’ விஷயத்தில் ஏமாறாதீர்கள். முதல் கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குத் தாவுவது ஒன்று, ஒரே பதிவை இரண்டிலும் சேர்த்து எழுதுவது வேறு. உங்களுக்கு வேண்டியது பின்னது. எந்த மாதிரி எதைச் செய்கிறது என்று கடைக்காரரின் வாய்வார்த்தையில் விடாமல் கையேட்டில் பாருங்கள்.

கோப்பின் அளவிலும் ஒரு வம்பு இருக்கிறது. சாதாரண வேவ் ஒலிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில கருவிகள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். மேலே சொன்ன தரத்தில் 2 ஜிபி என்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதாவது தனி ஆவர்த்தனம் நடக்கும் நேரமாகப் பார்த்துக் கோப்பு மாறும். மாறும்போது ஒரு நொடிகூட விழாமல் தொடர்கிறதா என்று சோதித்தாக வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதில் கோட்டை விட்டால் பயனில்லை. பல வருடம் முன்பு ஒரு சிறிய மண்டபத்தில் நாகஸ்வரக் கச்சேரியை ஸ்பீக்கருக்குப் போகும் அதே அவுட்புட்டிலிருந்து பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் தவிலைக் காணோம்! மண்டபத்தில் தவிலுக்கு மைக்கே தேவைப்படவில்லை, அதனால் அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கிட்டத்தட்ட மூடியே வைத்திருந்தோம். ஸ்பீக்கருக்குப் போனது குறையை நிரப்பும் ஒலிதான், மேடையின் முழு ஒலி அல்ல. எனவே பதிவுக்கென்று மிக்ஸரில் தனி மிக்ஸ் ஒன்று எடுங்கள். அரங்கத்தில் இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு, அவற்றை இந்தப் பதிவு மிக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். ரசிகர்களின் ‘பலே’யும் கைதட்டலும் இல்லாத கச்சேரிப் பதிவு உப்பில்லாப் பண்டம்தான். லெவலைப் பொறுத்தவரை கருவியின் மீட்டரில் (அதில் உச்சம் 0) சராசரி -20 டெசிபல் அருகே நிற்கட்டும். மிருதங்கத்தின் திடீர் வீச்சுக்கு மேலே இடம் வேண்டும். 24 பிட்டில் லெவல் தாழ்வாக இருப்பதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

யுபிஎஸ் பற்றிக் கமிட்டியில் யாராவது ‘அதுதான் ஜெனரேட்டர் இருக்கிறதே’ என்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளே போதும். பதிவு முடிந்து கோப்பு முறையாக மூடப்படாவிட்டால் இரண்டு மணி நேர உழைப்பு திறக்காத கோப்பாகக் கிடக்கும். ரெக்கார்டருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் சேர்த்துச் சின்ன யுபிஎஸ் ஒன்று வையுங்கள். மிக்ஸருக்கும் இருந்தால் நல்லது.

நெட்வொர்க் அமைப்பில் அதிகம் சொல்ல இல்லை. கருவிக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள், ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், அரங்கத்தில் ரசிகர்களுக்குத் தரும் வைஃபையிலிருந்து பிரித்து வையுங்கள். எஃப்டிபியில் எதுவும் மறையாக்கம் ஆவதில்லை, அதனால் அதை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். இன்னொன்று, கலைஞர்களின் ஒப்புதல். நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் வெளியிடவும் நிகழ்த்துபவருக்கு உள்ள உரிமையை 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவும், அதை ஒட்டிய 38ஏ பிரிவும் பேசுகின்றன. அழைப்புக் கடிதத்திலேயே பதிவு குறித்து ஒரு வரி சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் கருவியை உங்கள் அரங்கத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நாலரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள், கோப்பு எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரிந்துவிடும். அதை நெட்வொர்க்கில் அலுவலகத்துக்கு இழுத்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். கடைசியாக, இன்னொரு பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பச் சொருகியதும் அதுவரை பதிந்தது கேட்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.