ஆறாத வாய்ப்புண்ணும் அழற்சிப் புரதங்களும்: கேள்வி பதில்

வாய்ப்புற்று பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் பல் வைத்தியம் பார்ப்பவள் நான். புற்றுநோய் சர்ஜன் இல்லை.

மேலப்பாளையம் தங்கை: உம்மா பீடி சுற்றுவாங்க. வாயில் எந்நேரமும் வெத்தலையும் போயிலையும் ஒதுக்கியிருக்கும். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடிப்பு, வலி இல்லை. ரத்தத்தில் அழற்சிப் புரதம் பார்த்தால் தெரிந்துவிடுமா டாக்டர்?

தெரியாது. அழற்சி என்றால் புண்ணோ கிருமியோ பட்ட இடம் சிவந்து வீங்குவது. அப்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. போன்ற புரதங்கள் காய்ச்சலுக்கும் ஏறும், மூட்டுவாதத்துக்கும் ஏறும். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தடிப்பு, போயிலை ஒதுக்கும் அதே பக்கத்தில்தானா என்று பாருங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் உம்மாவை இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சதை டெஸ்ட் (துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி) தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அம்பாசமுத்திரம் கல்லூரி மாணவர்: அழற்சி உடம்பைக் காக்கத்தானே வருகிறது? அது எப்படிப் புற்றுக்குத் துணைபோகும்?

நல்ல கேள்வி தம்பி. புற்றுக்கட்டிக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதைக் கவனித்து, 1863-லேயே இந்தத் தொடர்பைச் சொன்னவர் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ. கன்னத்தைக் கடித்துக்கொண்டால் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்கள் சுரந்து ஆள் கூப்பிடும். இன்டர்லூக்கின்-8 வெள்ளையணுக்களை இழுத்துவரும். புது ரத்தக்குழாய் முளைக்கவும் தூண்டும். இன்டர்லூக்கின்-6, ‘சாகாதே, பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லும். புண் ஆறியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

போயிலையும் சுண்ணாம்பும் தினமும் அதே இடத்தை அரித்தால் எப்படி அடங்கும்? கோயில் கொடை முடிந்தும் பந்தலைப் பிரிக்காமல் விடிய விடியக் கொட்டடிக்கிற கதைதான். வந்த வெள்ளையணுக்கள் கக்கும், வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். போயிலையின் நச்சும் தன் பங்குக்குச் சிதைக்கும். இப்படிக் கெட்ட செல்லுக்கும் ‘பெருகு’ என்ற அதே கட்டளைதான் போகிறது. அப்புறம் அந்தச் செல்லே இன்டர்லூக்கின்-6 சுரக்கப் பழகிக்கொள்ளும். வெளியே இருந்து தூண்டுதலே வேண்டாம்.

வள்ளியூர் தம்பி: எச்சிலிலேயே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

வாய்ப்புற்று உள்ளவர்களின் எச்சிலில் இன்டர்லூக்கின்-6, 8 கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈறு வீங்கிச் சீழ் வைத்தவருக்கும் அவை கூடும். நம்மூரில் ஈறு சுத்தமாக இருப்பவர் எத்தனை பேர்? சதை டெஸ்டுக்கு அது மாற்று ஆகாது.

முக்கூடல் அண்ணாச்சி: அப்படியானால் வீக்க மாத்திரையோ மஞ்சளோ சாப்பிட்டால் வராமல் தடுக்கலாமே?

இந்த ஆசை ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது அண்ணாச்சி. வீக்க மாத்திரை வாய்ப்புற்றைக் குறைக்கிறது என்று நார்வே மருத்துவர் ஒருவர் 2005-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். 908 பேரின் விவரம். அதில் 250 பேருக்கு ஒரே பிறந்தநாள்! எல்லாம் கற்பனை, மறு வருஷமே கட்டுரையை நீக்கினார்கள். மஞ்சளின் குர்குமின் ஆய்வகத்தில் அழற்சியை அடக்குகிறது, ஆனால் குடலில் சரியாக ஏறுவதில்லை. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். போயிலையைத் துப்பாமல் மஞ்சள் தின்று பயனில்லை.

திசையன்விளை அக்கா: தம்பிக்கு 24 வயசு. பாக்குப் பொட்டலம் போடுவான், போயிலை கிடையாது. இப்போது காரம் பட்டால் எரிகிறது, வாய் முழுசாகத் திறக்கவில்லை.

போயிலை இல்லாத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புற்று உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கு டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைத் தூண்டி வாய்ச் சதைக்குள் நாரை வளர்க்கும். அதிலுள்ள செம்பு அந்த நாரை முறுக்கி இறுக்கும். மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டுதான் போகிறது என்றால் நார் இறுகியிருக்கலாம், உடனே காட்டுங்கள். பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது குறையும். ஊசியும் வாய்ப்பயிற்சியும் ஓரளவு திறக்க வைக்கும். பழையபடி முழுசாக ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்.

மேலப்பாளையம் தங்கை, மறுபடியும்: கத்தி பட்டால் பரவும் என்று உம்மா பயப்படுறாங்க.

பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதைதான் எடுப்பார்கள். அந்த இடம் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். அதுவரை காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.